பிள்ளைகள் நிறைந்த வீட்டில் டவுன் சிண்ட்ரோமும் ஆட்டிசமும்: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு

நாலைந்து பிள்ளைகள், ஆயா, தாத்தா, சில மாதங்களுக்குச் சித்தியும் அவர் குழந்தையும் என்று ஒரே வீட்டில் ஒன்பது பத்துப் பேர். அதில் ஒரு பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம், இன்னொன்றுக்கு ஆட்டிசம்; சில வீடுகளில் ஒரே பிள்ளைக்கு இரண்டும். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் இப்படி இருக்கும் குடும்பங்களுக்காக எழுதப்பட்டது இது.

தெரபி மையங்களில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒரு அம்மா, ஒரு குழந்தை, ஒரு தனி அறை என்ற கணக்கில்தான் இருக்கும். கூட்டு வீட்டில் உதவிக்கு ஆளில்லாமல் போவதில்லை. ஆளுக்கொரு விதமாகச் செய்வதுதான் பிள்ளையைக் குழப்புகிறது. கீழே உள்ளவற்றில் 1 முதல் 4 வரை வரிசை மாறக் கூடாது. 5 முதல் உள்ளவற்றை அவற்றோடு சேர்த்தே தொடங்கலாம்.

1. முதலில் பேப்பர்: பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா?

பிறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயர் முழுதாக. இது வீட்டுக்கு வீடு இருக்கும் கதைதான். ஆனால் மாற்றுத்திறனாளி அட்டை, வங்கிக் கணக்கு, உதவித்தொகை, காப்பீடு எல்லாம் ஆதாரில் உள்ள பெயரைப் பிடித்துக்கொண்டு போவதால், திருத்தத்தை இப்போதே முடித்துவிட வேண்டும்.

5 வயதுக்குள் எடுக்கும் ஆதாருக்குக் கைரேகை தேவையில்லை. 5 வயதிலும் 15 வயதிலும் புதுப்பிக்க வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளை விரலை வைக்க மறுக்கும் என்றால், ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் செல்போன் கண்ணாடிமேல் விரல் வைத்துப் பழக்குங்கள். ஆதார் மையத்துக்கு அது திறக்கும் நேரத்திலேயே போங்கள். கூட்டம் சேர்ந்தபின் போனால் வேலை நடக்காது.

ஒரு பிள்ளைக்கு ஒரு ஃபைல். எல்லாப் பிள்ளைகளின் சீட்டையும் ஒரே மஞ்சப்பையில் போட்டு வைப்பதால், டாக்டர் கேட்கும் நேரத்தில் அண்ணனுடைய ரத்தப் பரிசோதனை கையில் வரும்.

2. டவுன் சிண்ட்ரோம் என்றால் பேச்சுப் பயிற்சிக்கு முன் உடம்பு

பேச்சு வரவில்லை என்று முதலில் ஸ்பீச் தெரபிக்கு ஓடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. காது கேட்காமலோ தைராய்டு குறைந்தோ இருக்கும் பிள்ளைக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி கொடுத்தாலும் ஏறாது. எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைகளில் இந்த வரிசையில் கேளுங்கள்.

இதயம்: டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் பாதிப் பேருக்கு அருகில் இதயக் கோளாறு இருக்கும். ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்கவில்லை என்றாலும் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தே ஆக வேண்டும். பெரிய ஓட்டையை முதல் ஆறு மாதத்தை ஒட்டி மூடாவிட்டால் நுரையீரல் ரத்தக் குழாயில் அழுத்தம் ஏறி, பிறகு அறுவை சிகிச்சையே செய்ய முடியாமல் போகலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை இதற்கு முன்பே எடுத்து வைத்திருங்கள்.

தைராய்டு: பிறந்ததும், 6 மாதத்தில், 12 மாதத்தில், பிறகு வருடத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பரிசோதனை. மலச்சிக்கல், வறண்ட தோல், மந்தம் எல்லாவற்றையும் “இந்தப் பிள்ளைங்க அப்படித்தான்” என்று விட்டுவிடுவதால் தைராய்டு கண்ணில் படாமல் போகிறது. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ரத்தம்தான் சொல்லும்.

காது: இவர்களுக்குக் காதுத் துளை குறுகல், செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டிக்கொள்ளும். பிறந்ததும் ஒரு முறை, சிறு வயதில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் அடம் என்று முடிவு கட்டுவதற்கு முன் பெரா (காது கேட்கிறதா என்று பார்க்கும்) பரிசோதனை.

கண்: முதல் ஆறு மாதத்துக்குள். கண்ணாடி எழுதிக் கொடுத்தால் பின்னால் எலாஸ்டிக் பட்டை போட்டு வாங்குங்கள். மூக்குத்தண்டு தட்டையாக இருப்பதால் சாதாரணக் கண்ணாடி வழுக்கி விழும், குறை கண்ணாடியில் இருக்க, பிள்ளை போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறது என்று பெயர் வரும்.

கழுத்து: முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே தளர்வு இருக்கலாம். அண்ணன்மார் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, குட்டிக்கரணம் போடவைப்பது வேண்டாம். நடை திடீரென்று மாறினாலோ, கழுத்தைச் சாய்த்தே வைத்திருந்தாலோ, நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்பினாலோ அன்றே மருத்துவமனை.

வலிப்பு: கைக்குழந்தை தூங்கி எழும்போது உடம்பை முன்னால் மடக்கி, கையைத் தூக்கிப் போட்டு, அதையே வரிசையாகப் பத்து முறை செய்தால் அதைப் பயம் என்றோ வயிற்றுவலி என்றோ நினைக்காதீர்கள். போனில் வீடியோ எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் மூளை வளர்ச்சியில் கழியும்.

இன்னொரு பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் குரோமோசோம் பரிசோதனை முடிவைத் தேடி எடுங்கள். பெரும்பாலோருக்கு 21ஆவது குரோமோசோம் தனியாக ஒன்று கூடுதலாக இருக்கும். சிலருக்கு மட்டும் அது வேறொரு குரோமோசோமோடு ஒட்டியிருக்கும். அப்படியானால் பெற்றோர் இருவருக்கும் பரிசோதனை வேண்டும், அடுத்த குழந்தைக்கான வாய்ப்புக் கணக்கே வேறாகிவிடும்.

3. ஆட்டிசம்: சந்தேகம் வந்ததும் காது, பிறகு மதிப்பீடு

ஒன்றரை வயதில் பெயர் சொன்னால் திரும்புகிறதா, வேண்டியதை விரலால் சுட்டுகிறதா, நாம் காட்டும் திசையில் பார்க்கிறதா என்று கவனியுங்கள். கூட்டு வீட்டில் இது மறைந்துபோகும். பிள்ளை கேட்பதற்குள் அக்கா எடுத்துக் கொடுத்துவிடுவாள். ஆகவே ஒருநாள் பிஸ்கட் டப்பாவை எட்டாத இடத்தில் தெரியும்படி வைத்து, யாரும் உதவாமல் பாருங்கள். சுட்டிக்காட்டி உங்கள் முகத்தைப் பார்க்கிறதா, உங்கள் கையைக் கருவி போலப் பிடித்து இழுக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் ஆறில் ஒருவருக்கு அருகில் ஆட்டிசமும் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. முதல் பெயர் கிடைத்ததும் எல்லாரும் தேடுவதை நிறுத்திவிடுவதால் இரண்டாவது பல வருடம் தாமதமாகும். டவுன் சிண்ட்ரோம் பிள்ளை மனிதர்களைத் தேடி வராமல் நூலையே ஆட்டிக்கொண்டு தனியாக இருந்தால் கேட்டுவிடுங்கள்.

சான்றிதழுக்கு இந்தியாவில் பயன்படுவது ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற 40 கேள்வி அளவுகோல். 70 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் ஆட்டிசம்.

ஸ்டெம் செல் ஊசி, உடம்பிலிருந்து உலோகத்தை எடுக்கும் மருந்து, வெளிநாட்டுச் சொட்டு மருந்து ஆகியவற்றை விற்பவர்கள் வடசென்னை வரை வந்துவிட்டார்கள். ஆட்டிசத்துக்கு அவை வேலை செய்கின்றன என்பதற்கு ஆதாரம் இல்லை. நகையை அடகு வைக்க வேண்டாம்.

4. சான்றிதழ்: கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது

யுடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் அல்லது இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டு மருத்துவமனைக்குப் போகலாம். உளவியலாளர் மதிப்பீடு இல்லாமல் அறிவுசார் குறைபாட்டுக்குச் சதவீதம் போட மாட்டார்கள். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலோ அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ அந்த மதிப்பீடு நடக்கும்.

இங்கேதான் பெரிய குடும்பங்கள் சறுக்குகின்றன. சதவீதத்தைத் தீர்மானிப்பதில் முக்கியமான சமூக முதிர்ச்சி அளவுகோலில் பதில் சொல்வது பெற்றோர்தான். “தானா சாப்பிடுவானா?” என்று கேட்டால் பெருமையாக “சாப்பிடுவான்” என்று வந்துவிடும். உண்மையில் ஆயா பிசைந்து வைக்கிறார், அண்ணன் தட்டைப் பிடிக்கிறான், கடைசி நாலு வாய் அம்மா ஊட்டுகிறார். அதில் வரும் மதிப்பெண் 55 முதல் 69 என்றால் குறைபாடு 50 சதவீதம், 36 முதல் 54 என்றால் 75 சதவீதம். 70 முதல் 84 என்றால் 25 சதவீதம்தான். பெரும்பாலான சலுகைகளுக்கு வேண்டிய 40 சதவீதம் கைவிட்டுப் போகும்.

பொய் சொல்லச் சொல்லவில்லை. போவதற்கு முன் மூன்று நாள் நோட்டில் எழுதுங்கள்: குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறை, கடைக்குப் போவது, இவற்றில் யார் எந்த இடத்தில் கை வைக்கிறார்கள் என்று. அதைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.

5 வயதுக்குள் அறிவுசார் குறைபாடு என்று எழுத மாட்டார்கள். வளர்ச்சித் தாமதம் என்று தற்காலிகச் சான்றிதழ்தான் வரும். 5, 10, 18 வயதுகளில் புதுப்பிக்க வேண்டும். ஃபைல் அட்டையின் வெளிப்பக்கத்திலேயே அந்த வருடங்களை எழுதி வையுங்கள்.

அட்டை வந்தபின் மூன்று காரியம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அறிவுசார் குறைபாட்டுக்கான பராமரிப்பு உதவித்தொகை. மாதம் 2,000 ரூபாய். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு. வருடத்துக்கு 1 லட்சம் வரை, வெளிநோயாளிச் செலவும் தெரபியும் சேரும், மார்ச் 31க்குள் புதுப்பிக்க வேண்டும். மூன்றாவது பயணம்: சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பிள்ளைக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் டிக்கெட் இல்லை. கும்மிடிப்பூண்டி மார்க்க ரயிலில் போகிறவர்கள் ரயில்வே சலுகையையும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

5. வீடு: தாழ்ப்பாள், தண்ணீர், பாட்டில்

ஆட்டிசம் உள்ள பிள்ளை சொல்லாமல் வெளியே போய்விடும். கதவு தெருவிலேயே திறக்கும் வீடுகளில் இது முதல் ஆபத்து. கதவின் உச்சியில், பெரியவர் கை மட்டும் எட்டும் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். பூட்டுப் போடாதீர்கள், தீப்பிடித்தால் சாவி தேட நேரம் இருக்காது. பத்துப் பேர் வந்து போகும் வீட்டில் “கடைசியா வந்தவர் தாழ் போடணும்” என்ற விதி நிற்காது. வேளைக்கு ஒரு பெயர் எழுதி ஒட்டுங்கள்.

தண்ணீர் பிடித்து வைக்கும் நீல பேரலுக்கு மூடி, மூடிமேல் கனம். ஃபினாயிலையும் ஆசிடையும் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் வாங்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். கண்டதை வாயில் வைக்கும் பிள்ளைக்கு அது குடிக்கிற பாட்டில்தான்.

காணாமல் போனால் முதலில் ஓட வேண்டியது தண்ணீர் இருக்கும் பக்கம்: கால்வாய், கடற்கரை, தொட்டி. அடுத்தது தண்டவாளம். சொந்தக்காரர் வீடுகளுக்குப் போன் போடுவதெல்லாம் அதற்குப் பிறகு. 112க்கும் 1098க்கும் ஒருவர் உடனே கூப்பிடட்டும். டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, மெட்ரோ ஸ்டேஷன் வாசல் மூன்றிலும் பிள்ளையின் போட்டோவையும் உங்கள் நம்பரையும் முன்பே கொடுத்து வைத்திருங்கள். சட்டையின் உள்பக்கம் நம்பரை அழியாத மார்க்கரால் எழுதுங்கள். வெளிப்பக்கம் பெயர் எழுதினால் முன்பின் தெரியாதவரும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம்.

அமைதி மூலைக்குத் தனி அறை வேண்டியதில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே மூன்றடி, ஒரு பழைய புடவைத் திரை, ஒரு தலையணை போதும். விதி ஒன்றுதான்: அங்கே இருக்கும்போது யாரும் கூப்பிடவோ தொடவோ கூடாது. தண்டனைக்கு அங்கே உட்காரவைத்தால் அந்த மூலை கெட்டது.

6. காலை வரிசை: மெதுவான பிள்ளை முதலில்

ஒரே குளியலறை, தண்ணீர் வரும் நேரம், நாலு ஸ்கூல் யூனிஃபார்ம். வழக்கமாக வேகமானவர்களை முதலில் அனுப்பிவிட்டு இந்தப் பிள்ளைகளைக் கடைசியில் குளிக்கவைப்பார்கள். அதைத் தலைகீழாக மாற்றுங்கள். தசைத் தளர்வு உள்ள டவுன் சிண்ட்ரோம் பிள்ளைக்குப் பட்டன் போடவே பத்து நிமிஷம் ஆகலாம். கடைசியில் வைத்தால் நேரமில்லாமல் நாமே போட்டுவிடுவோம், பிள்ளை எந்தக் காலத்திலும் கற்றுக்கொள்ளாது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் படவரிசை. உங்கள் வீட்டு வாளி, உங்கள் வீட்டுத் தட்டு, அதன் ஸ்கூல் பை ஆகியவற்றையே போட்டோ எடுத்துப் பிரிண்ட் போடுங்கள். கார்ட்டூன் வாளியை வீட்டு வாளியோடு பொருத்திப் பார்க்கப் பல பிள்ளைகளுக்கு வராது. காலைக்கு ஐந்து படம் போதும், மேலிருந்து கீழாக. முடிந்ததைப் பிள்ளையே எடுத்து டப்பாவில் போடட்டும். மழை விடுமுறைக்கு என்று தனியாக ஒரு படம் வைத்திருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தெரு முழுக்கத் தண்ணீர் நிற்கும் நாளில் “இன்னிக்கு ஸ்கூல் இல்ல” என்று வாயால் சொன்னால் போதாது.

7. ஒரு வேலை, ஒரே சொல், எல்லாக் கையும் ஒரே மாதிரி

அம்மா “கையக் காட்டு” என்கிறார், ஆயா “நீட்டுடா” என்கிறார், அண்ணன் ஒன்றும் சொல்லாமல் கையைப் பிடித்து இழுக்கிறான். மற்றப் பிள்ளைகளுக்கு மூன்றும் ஒன்று. இவர்களுக்கு மூன்றும் மூன்று பாடம். பத்துக் கட்டளைகளை மட்டும் தேர்ந்தெடுத்து, சொல் மாறாமல் சுவரில் ஒட்டுங்கள். படிக்கத் தெரியாத ஆயாவுக்கு வாய்மொழியாகப் பழக்குங்கள். அவர்தான் பகல் முழுக்கக் கூட இருப்பவர்.

சொன்னபின் மனசுக்குள் பத்து எண்ணுங்கள். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைக்குக் காதில் விழுந்தது செயலாக மாற நேரம் எடுக்கும். அதற்குள் நாலு பேர் நாலு தரம் சொன்னால் ஒவ்வொரு தடவையும் கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும். சொல்லோடு கைச் சைகையும் காட்டுங்கள்: “இன்னும்”, “போதும்”, “தண்ணி”, “வலிக்குது”. சைகை காட்டினால் பேச்சு வராது என்று பயப்பட வேண்டாம். அது பேச்சுக்கு ஏணியாகத்தான் இருக்கிறது.

புது வேலையைப் பின்னாலிருந்து கற்றுக்கொடுங்கள். பனியன் போட என்றால் தலை, இரண்டு கை எல்லாம் நீங்கள் மாட்டி, கடைசியாகக் கீழே இழுப்பதை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள். அது பழகியபின் கடைசி இரண்டு. ஒவ்வொரு தடவையும் பிள்ளை கையில் வேலை முடிவதால் விட்டுவிட்டு ஓடாது.

கழிப்பறைப் பழக்கத்துக்கு முன் மலச்சிக்கலைத் தீருங்கள். வலித்த இடத்துக்குப் பிள்ளை திரும்பப் போகாது. மூன்று நாள் அரைமணிக்கு ஒருமுறை நனைந்ததா என்று குறித்தால் நேரம் பிடிபடும். தளர்ந்த மூட்டு உள்ள பிள்ளைக்கு இந்தியன் கழிப்பறையில் குந்தி நிற்க வராது. சுவரில் பி.வி.சி. குழாயால் ஒரு கைப்பிடி போட்டுக் கொடுங்கள்.

8. இரண்டு பிள்ளைகளும் ஒருவரோடு ஒருவர்

டவுன் சிண்ட்ரோம் பிள்ளை பெரும்பாலும் கட்டிப்பிடிக்கும், ஆட்டிசம் உள்ளது தொட்டால் துடிக்கும். ஒன்றுக்கு டிவி சத்தமாக வேண்டும், மற்றது காதைப் பொத்தும். இதற்கு நல்ல புத்தி சொல்வது பயன்படாது. கட்டிப்பிடிப்பதற்குப் பதில் உள்ளங்கை தட்டுவது என்று ஒன்றை இருவருக்கும் பழக்குங்கள். உள்ளங்கை வராவிட்டால் நகர்ந்துவிட வேண்டும்.

டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகள் பார்த்துச் செய்வதில் கெட்டிக்காரர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கத்தினால் அதையும் கற்றுக்கொள்வார்கள். ஆகவே சாப்பாட்டில் அந்தப் பிள்ளையைப் பெரிய அக்கா பக்கத்தில் உட்காரவையுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு மூலை இடம், ஒரு பக்கம் சுவர், தினமும் அதே தட்டு. புது உணவை ஓரத்தில் ஒரு சிறு கிண்ணத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். பாலில் மருந்தையோ முட்டையையோ ஒளித்துக் கொடுத்துப் பிடிபட்டால் பாலும் போய்விடும்.

9. கத்தல், அடி, தரையில் விழுதல்

முதலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள்: காது, பல், வயிறு. வாயில்லாத பிள்ளை வலியை இப்படித்தான் சொல்லும். பிறகு இரண்டு வாரம் நோட்டில் மூன்று கட்டம்: முன்னால் என்ன நடந்தது, என்ன செய்தது, பின்னால் நாம் என்ன கொடுத்தோம். பாதிக்கு மேல் “போன் கொடுத்தோம்” என்று வந்தால் காரணம் தெரிந்துவிட்டது. போன் கொடுப்பதானால் கத்தலுக்கு முன் கொடுங்கள், கத்தியபின் யார் கேட்டாலும் கிடையாது.

அந்த நேரத்தில் ஒருவர் மட்டும் பக்கத்தில் இருக்கட்டும், குறைவாகப் பேசட்டும். இன்னொருவர் மற்றப் பிள்ளைகளை மாடிப்படிக்கு அழைத்துப் போகட்டும். அக்கம்பக்கத்தார் எட்டிப்பார்த்தால் பதில் சொல்ல ஆயா இருக்கிறார்.

ஆடி மாத ஒலிபெருக்கி, சாவு மேளம், தீபாவளிப் பட்டாசு மூன்றையும் நம் ஏரியாவில் தவிர்க்க முடியாது. காதை முழுதாக மூடும் தொழிற்சாலை இயர்மஃப், பாரிமுனையில் சேஃப்டி சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். மேளம் வரும் அன்று முதல்முறை மாட்டினால் கழற்றி வீசிவிடும். ஒரு மாதம் முன்பிருந்தே, அமைதியான நேரத்தில் தினம் ஐந்து நிமிஷம் பழக்க வேண்டும்.

10. மற்றப் பிள்ளைகள்

மூத்த பெண் இரண்டாவது அம்மா ஆவது யாரும் முடிவு செய்யாமலே நடக்கும். அதைத் தடுக்க வேலையை எழுதிப் பிரியுங்கள்: ஒவ்வொருவருக்கும் தினம் கால் மணி நேரம், ஒரு குறிப்பிட்ட வேலை. பையன்களுக்கும்தான். வளர்ந்த பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் கழுவிவிடுவதும் உடன்பிறந்தவர் வேலை கிடையாது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு வருடத்தில் முழு விடுப்பு.

பெண் பார்க்க வருகிறார்கள் என்று அந்தப் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்து வரும் சண்டை பெரிது. முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவது நல்லது.

11. பள்ளி

2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. “எங்களால பாத்துக்க முடியாது” என்று வாயால் சொன்னால், எழுத்தில் கேளுங்கள். விண்ணப்ப நகலில் தேதியோடு கையெழுத்தும் வாங்குங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே மாறும். அரசுப் பள்ளி என்றால் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்பாசிரியர் எந்த நாளில் வருகிறார் என்று கேட்டு, அந்த நாளில் லீவு போடாமல் அனுப்புங்கள்.

அண்ணனும் அதே பள்ளியில் படித்தால் தம்பி அழும்போதெல்லாம் அண்ணனை வகுப்பிலிருந்து கூப்பிடுவார்கள். அது கூடாது, எனக்குப் போன் செய்யுங்கள் என்று சேர்க்கும் நாளிலேயே கடிதம் கொடுத்துவிடுங்கள். பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், எழுதித் தர ஆள் போன்ற சலுகைகளுக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே பேப்பரைத் தயார் செய்யுங்கள்.

12. பதினேழரை வயதில்

18 முடிந்ததும் சட்டப்படி பெற்றோர் தானாகக் காப்பாளர் கிடையாது. இது பெரும்பாலும் வங்கியில்தான் தெரியவரும். தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999இன் கீழ், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்கும். ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் இதில் வரும். 18 வயதுச் சான்றிதழ் புதுப்பிப்பையும் இதையும் சேர்த்தே ஓட்டுங்கள், இரண்டுக்கும் அதே பேப்பர்தான்.

பெற்றோருக்குப் பிறகு யார் என்று இந்த நேரத்திலேயே உடன்பிறந்தவர்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். எல்லாரையும் உட்காரவைத்துக் கேட்டால் மூத்தவர் தலையாட்டித்தான் ஆக வேண்டும். முடியாது என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்காதீர்கள். முடியும் என்பவரை இப்போதிருந்தே மருத்துவமனைக்கும் வங்கிக்கும் கூட அழைத்துப் போய், ஃபைல் எங்கே இருக்கிறது என்று காட்டி வையுங்கள்.